மதுவிலிருந்து மீள உதவும் கூட்டங்கள்: முதன்முறை செல்பவர்கள் கேட்கும் கேள்விகள்

குடியை நிறுத்த நினைப்பவர்களும் ஏற்கெனவே நிறுத்தியவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசிக்கொள்ளும் கூட்டங்களைப் பற்றிய கேள்வி பதில்கள் இவை. நானும் அப்படியொரு கூட்டத்துக்குள் பயந்துகொண்டே நுழைந்தவன்தான். குடிக்காமல் 11 ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் வாரம் தவறாமல் போகிறேன். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில் புதியவர்கள் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டவற்றையே இங்கே எழுதியிருக்கிறேன்.

இது எப்படிப்பட்ட கூட்டம்? சிகிச்சையா?

மருத்துவம் தெரிந்த ஒருவர் நோயாளிக்கு அளிப்பதைத்தான் சிகிச்சை என்கிறோம். இந்தக் கூட்டத்தில் அப்படி யாரும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பதில்லை. நடத்துபவரும் குடித்து அல்லல்பட்டவர்தான். கதவருகே நின்று உங்களை வரவேற்பவரும் அப்படியே.

இந்த முறை எப்படித் தொடங்கியது என்று தெரிந்துகொண்டால் அதன் உட்பொருள் எளிதில் விளங்கும். 1935ஆம் ஆண்டு மே மாதம், நியூயார்க்கில் பங்குச்சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சன் என்பவர், வேலை நிமித்தமாக அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள அக்ரன் நகருக்கு வந்திருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் தோற்றுப்போய், தங்கியிருந்த ஓட்டலில் தனியாக நின்றபோது மதுக்கூடம் அவரை இழுத்தது. இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால்தான் தப்பிக்க முடியும் என்று தோன்றவே, தொலைபேசியில் ஒவ்வொருவராக விசாரித்து, கடைசியில் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று சொல்லி வந்த மருத்துவர், பல மணி நேரம் உட்கார்ந்து பேசினார். அவர் கடைசியாகக் குடித்த நாளான 1935 ஜூன் 10ஆம் தேதியைத்தான், இத்தகைய கூட்டங்களை நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு, சுருக்கமாக ஏ.ஏ., தன் தொடக்க நாளாகக் கொள்கிறது.

அன்று உதவி தேடிப் போனவர், முன்பே குடியை நிறுத்தியிருந்தவர் என்பதைக் கவனியுங்கள். கூட்டத்தில் பழையவர்கள் உங்களை அக்கறையோடு வரவேற்பதற்குக் காரணம் இரக்கம் மட்டும் இல்லை. உங்களோடு பேசுவது அவர்களையும் அன்றைக்குக் குடிக்காமல் வைத்திருக்கிறது.

நான் குடிநோயாளிதானா என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. வரலாமா?

வரலாம். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே ஏ.ஏ. உறுப்பினராவதற்கான தகுதி. நீங்கள் யார், எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை முறை விழுந்தீர்கள் என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. வேலையையும் வீட்டையும் இழந்த பிறகுதான் வர வேண்டும் என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்; அந்தக் காத்திருப்பால் அவர்களுக்கு எந்த நன்மையும் விளையவில்லை.

உங்கள் நிலையை நீங்களே பார்த்துக்கொள்ள விரும்பினால், உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' என்ற 10 கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது. மொத்த மதிப்பெண் 40. எட்டோ அதற்கு மேலோ வந்தால் குடி உங்களுக்குத் தீங்கு செய்யத் தொடங்கியிருக்கலாம் என்று கொள்ளப்படுகிறது. அதை நிரப்பியபின் மருத்துவர் ஒருவரிடம் காட்டிப் பேசுவது நல்லது.

இன்றோடு குடியை நிறுத்திவிட்டு நாளைக்கே கூட்டத்துக்கு வரட்டுமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் உடனே "வாருங்கள்" என்று சொல்லிவிடுவதில்லை. நாள்தோறும் நிறையக் குடித்துப் பழகிய உடல், மது திடீரென நின்றால் கடுமையாக எதிர்வினை காட்டும். கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை, படபடப்பு ஆகியவை தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் காய்ச்சலும் குழப்பமும் வந்து, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிகிற நிலை உண்டாகும். டெலிரியம் ட்ரெமன்ஸ் எனப்படும் இந்த நிலை உயிரையே பறிக்கக்கூடியது.

ஆகவே காலையில் கண் விழித்ததும் நடுக்கத்தை அடக்குவதற்காகவே குடிப்பவர்கள், முன்பு நிறுத்தியபோது வலிப்பு கண்டவர்கள், வேறு நோய் உள்ளவர்கள் ஆகியோர் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மது நின்றதும் வரும் இந்த விலகல் அறிகுறிகளை அடக்க மருந்துகள் இருக்கின்றன. நீண்ட காலக் குடியால் குறைந்துபோகும் தயமின் எனும் பி1 வைட்டமினையும் அப்போது கொடுப்பார்கள். இவற்றைச் செய்யக் கூட்டத்தில் இருக்கும் எங்களால் இயலாது. மருத்துவமனையில் படுத்திருக்கும்போதே தொலைபேசியில் எங்களோடு பேசத் தொடங்கலாம். சில இடங்களில் மருத்துவமனைக்குள்ளேயே கூட்டம் நடக்கிறது.

கூட்டம் எங்கே நடக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்தந்த நாட்டு ஏ.ஏ. அமைப்பின் இணையதளத்தில் இடம், கிழமை, நேரம், மொழி ஆகிய விவரங்களுடன் பட்டியல் இருக்கும். பெரும்பாலும் ஒரு உதவித் தொலைபேசி எண்ணும் இருக்கும். அதை எடுத்துப் பேசுபவரும் குடியை விட்ட ஒருவராகவே இருப்பார். ஏ.ஏ. வெளியிட்டுள்ள 'மீட்டிங் கைடு' என்ற செயலி அருகிலுள்ள கூட்டங்களைக் காட்டும், ஆனால் எல்லா நாட்டுக் கூட்டங்களும் அதில் சேர்க்கப்படவில்லை. மனநல மருத்துவர்களும் மது மீட்பு மையங்களின் சமூகப் பணியாளர்களும் அந்தப் பகுதிக் குழுக்களை அறிந்திருப்பார்கள்.

பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். கூட்டங்கள் இடம் மாறும், நேரம் மாறும், சில நின்றும் போகும். மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு போன ஒருவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால், மறுபடி கிளம்புவதற்கு மாதக்கணக்காகும். ஒரு தொலைபேசி அழைப்பில் அதைத் தவிர்த்துவிடலாம்.

கூட்டங்களில் திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று இரு வகை உண்டு. திறந்த கூட்டத்துக்கு உங்கள் மனைவியோ கணவரோ நண்பரோ, வெறுமனே தெரிந்துகொள்ள விரும்புபவரோ வரலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும் உரியது. துணையோடு வர விரும்பினால் எந்த வகை என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கூட்டத்தில் என்னதான் நடக்கும்?

இடம் பெரும்பாலும் சாதாரணமானதாகவே இருக்கும். வழிபாட்டுத் தலத்தின் பக்கத்து அறை, பள்ளி வகுப்பறை, மருத்துவமனையின் ஒரு மூலை என்று வாடகை குறைவாகக் கிடைக்கும் இடங்களில் நடத்துகிறோம். பத்து இருபது நாற்காலிகள் வட்டமாகவோ வரிசையாகவோ போடப்பட்டிருக்கும். ஒரு மேசையில் துண்டுப் பிரசுரங்கள் இருக்கும்.

நடத்துபவர் சில வரிகளை வாசித்துத் தொடங்குவார். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்துள்ள பன்னிரண்டு படிகளை ஒருவர் படிப்பார்; மதுவின் முன் தான் தோற்றுவிட்டதை ஒப்புக்கொள்வதில் தொடங்கி, தன்னைத் தானே ஆராய்வது, தீங்கு செய்தவர்களிடம் சென்று ஈடுசெய்வது என்று போய், பிற குடிநோயாளிகளுக்கு உதவுவதில் அவை முடியும். அதன்பின் ஒவ்வொருவராகப் பகிர்ந்துகொள்வார்கள். "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி, குடித்த நாட்களையும் நிறுத்திய விதத்தையும் இன்றைய நாள் எப்படிப் போனது என்பதையும் சில நிமிடங்கள் சொல்வார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை, பேசி முடித்தபின் அறிவுரை சொல்வதும் இல்லை. ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சில குழுக்கள் ஒரு சிறு பிரார்த்தனையோடு முடிக்கும்.

என் முதல் நாளில் கடைசி வரிசையில், கதவுக்கு நேராக உட்கார்ந்திருந்தேன். யாரோ கொண்டுவந்து கொடுத்த காகிதக் கோப்பை என் கையில் ஆடி, பாதி தரையில் சிந்தியது. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் கைக்குட்டையைத் தரையில் போட்டுக் காலால் துடைத்துவிட்டு, கோப்பையை என்னிடமிருந்து வாங்கி, அரைக் கோப்பை மட்டும் ஊற்றித் திரும்பக் கொடுத்தார். கை நடுங்குகிறவனுக்குக் கோப்பையை நிரப்பக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு அறையில் பேசப்பட்டதில் ஒரு வாக்கியம்கூட எனக்கு நினைவில்லை. அந்த அரைக் கோப்பைதான் அடுத்த வாரமும் என்னை அங்கே வரவழைத்தது.

நானும் பேசியாக வேண்டுமா?

வேண்டாம். உங்கள் முறை வரும்போது "இன்று கேட்டுக்கொள்கிறேன்" என்றால் போதும், அடுத்தவருக்குப் போய்விடும். பல வாரங்கள் வாயே திறக்காமல் இருந்தவர்கள் உண்டு. ஆனால், முதல்முறை வருகிறீர்கள் என்பதை மட்டுமாவது யாரிடமாவது சொல்லிவிடுங்கள். தெரிந்தால்தான் கூட்டம் முடிந்ததும் உங்களிடம் வந்து பேசுவார்கள், தொலைபேசி எண் கொடுப்பார்கள். அந்தக் கடைசிப் பத்து நிமிடங்களைக் கூட்டத்தைவிட முக்கியமானதாக நான் கருதுகிறேன். முடிந்தவுடன் எழுந்து ஓடிவிடுகிறவர்களுக்கு அது கிடைக்காமலே போகிறது.

என்னை யாராவது அடையாளம் கண்டுகொண்டால்? வெளியே சொல்லிவிட்டால்?

அங்கே உங்களுக்குத் தெரிந்த முகம் இருந்தால், அவரும் அதே காரணத்துக்காகத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அங்கே யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற மரபு அமைப்பின் பெயரிலேயே இருக்கிறது. அனானிமஸ் என்றால் பெயர் வெளியிடாதவர் என்று பொருள். முழுப் பெயர், முகவரி, வேலை எதையும் சொல்லத் தேவையில்லை.

இருந்தாலும் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இது உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் காக்கும் நம்பிக்கை. மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும் சொல்வதற்கு உள்ள சட்டப் பாதுகாப்பு இதற்கும் இருக்கும் என்று எண்ணிவிட முடியாது. வழக்கு தொடர்பான விஷயங்கள், பிறர் வாழ்வைப் பாதிக்கக்கூடிய ரகசியங்கள் ஆகியவற்றைப் பொது அறையில் வைக்காமல் உரியவரிடம் தனியாகப் பேசுவதே நல்லது.

கட்டணம் எவ்வளவு?

கட்டணம் இல்லை. ஏ.ஏ. கூட்டங்களில் ஒரு பையோ கூடையோ சுற்றிவரும். வாடகைக்கும் பிரசுரங்களுக்கும் உறுப்பினர்கள் இயன்றதைப் போடுவார்கள். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அதன் மரபு. புதியவர் பணம் போட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. எனக்கு அங்கே இடம் உண்டா?

பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது, அதை மறைப்பதற்கில்லை. தன்னினும் பெரிய ஆற்றல் என்பதை ஒவ்வொருவரும் தமக்குப் புரிந்தபடி எடுத்துக்கொள்ளலாம் என்பதே அங்குள்ள வழக்கம்; அந்தக் கூட்டத்தையே தம் பெரிய ஆற்றலாகக் கொண்டவர்கள் பலர். கடவுள் மறுப்பாளர்களுக்கென்றே தனியாக நடக்கும் ஏ.ஏ. கூட்டங்களும் உள்ளன.

அப்படியும் ஒட்டவில்லை என்றால் வேறு வழிகள் இருக்கின்றன. 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி, எண்ணங்களையும் பழக்கங்களையும் ஆராய்ந்து மாற்றும் உளவியல் முறைகளை அடிப்படையாகக் கொண்டது. பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவார், உறுப்பினர்கள் ஒருவரோடொருவர் கலந்துரையாடலாம். லைஃப்ரிங் என்ற அமைப்பும் மதச்சார்பற்றது. விமன் ஃபார் சொப்ரைட்டி 1970களில் ஜீன் கிர்க்பாட்ரிக் என்பவர் பெண்களுக்காக நிறுவியது. ரிகவரி தர்மா பௌத்த தியான முறைகளைக் கையாள்கிறது. இவற்றுக்கு ஏ.ஏ. அளவுக்கு ஊருக்கு ஊர் கூட்டங்கள் இல்லை என்றாலும், இணையவழியில் கலந்துகொள்ள முடியும்.

எந்த அமைப்பாக இருந்தாலும் ஒரே கூட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் உண்டு: ஒன்றில் முதியவர்கள் அதிகம், ஒன்றில் வாசிப்பு அதிகம், இன்னொன்றில் சிரிப்பு அதிகம். குறைந்தது ஐந்தாறு கூட்டங்களுக்கு, அவற்றுள் இரண்டு மூன்று வெவ்வேறு குழுக்களுக்கு, போய்ப் பார்த்தபின் சொல்லுங்கள்.

ஸ்பான்சர் என்பவர் யார்?

படிகளின் வழியே ஏற்கெனவே நடந்த ஒருவர், புதியவருக்குத் தனிப்பட்ட முறையில் துணை நிற்பதே ஸ்பான்சர்ஷிப். குடிக்கத் தோன்றும் இரவில் நீங்கள் முதலில் அழைக்க வேண்டிய எண் அவருடையது. அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்காதீர்கள், சில வாரம் கேட்டுவிட்டு, யாருடைய வாழ்க்கை உங்களுக்கு நம்பிக்கை தருகிறதோ அவரிடம் கேளுங்கள். ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். ஸ்பான்சர் உங்களிடம் பணம் கேட்டாலோ, மருந்தை நிறுத்தச் சொன்னாலோ, உங்கள் குடும்ப முடிவுகளைத் தானே எடுக்க முற்பட்டாலோ, விலகிவிடுங்கள்.

பெண்கள் தனியாக வருவது பாதுகாப்பானதா?

பெரும்பாலான கூட்டங்கள் பாதுகாப்பானவை. ஆனால் வருகிறவர்களின் பின்னணியை யாரும் சரிபார்ப்பதில்லை என்பதை மனத்தில் வையுங்கள். புதிதாக வந்து மனம் தளர்ந்திருப்பவரிடம் ஆசை வார்த்தை பேசுகிறவர்கள் எப்போதாவது வந்து சேர்வதுண்டு, அதைச் சகித்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. பெண்களுக்கு மட்டுமான கூட்டங்கள் பல இடங்களில் இருக்கின்றன. பெண்களுக்குப் பெண்ணும் ஆண்களுக்கு ஆணும் ஸ்பான்சராக இருப்பதே பொதுவான வழக்கம். யாராவது தொந்தரவு கொடுத்தால் நடத்துபவரிடம் சொல்லுங்கள். அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால் வேறு குழுவுக்கு மாறுங்கள். குற்றம் என்றால் காவல்துறையிடம் போவதற்கு எந்த மரபும் தடையாகாது.

மருத்துவர் கொடுத்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறேன். அதைக் குறையாக நினைப்பார்களா?

நினைக்கக் கூடாது. குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளும், மனச்சோர்வுக்கான மருந்துகளும் மருத்துவரின் பொறுப்பில் உள்ளவை. உறுப்பினர்கள் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்பதே ஏ.ஏ.வின் அதிகாரபூர்வ நிலைப்பாடும். இருந்தும் "மாத்திரையும் போதைதான்" என்று சொல்கிற ஒருவரை நீங்கள் எங்காவது சந்திக்கக்கூடும். அவர் தன் கருத்தைச் சொல்கிறார். உங்கள் மருந்துச் சீட்டை மாற்ற அவருக்கு உரிமை இல்லை.

வெளியே போக இயலாதவர்கள் இணையவழியில் சேரலாமா?

சேரலாம். இருபத்து நான்கு மணி நேரமும் உலகின் ஏதோவொரு மூலையில் ஒரு கூட்டம் நடந்துகொண்டிருக்கும். கேமராவை அணைத்துவிட்டு, முதல் பெயரை மட்டும் போட்டுக்கொண்டு கேட்கலாம். இயர்போன் அணிந்துகொள்ளுங்கள், பேசுகிறவரின் குரல் உங்கள் வீட்டாருக்குக் கேட்கக் கூடாது. ஆனால் நேரில் போக வாய்ப்புள்ளவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. திரையில் இருப்பவர் உங்கள் மூச்சில் மது வாசனை அடிப்பதை அறிய முடியாது.

சில மாதம் நிறுத்தியிருந்தேன், மறுபடி குடித்துவிட்டேன். எந்த முகத்தோடு போவது?

அதே முகத்தோடு வாருங்கள். அந்த அறையில் சறுக்கி விழாதவர்கள் குறைவு. நாட்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியிருக்கும், அது வலிக்கும். ஆனால் கற்றுக்கொண்டவை அழிந்துவிடுவதில்லை. பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கில் எது அன்று உங்களைப் பிடித்திருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றாவது இருந்திருக்கும். குடித்திருக்கும் நிலையிலேயே வர நேர்ந்தாலும், பிறருக்கு இடையூறு செய்யாமல் அமைதியாக உட்கார்ந்திருப்பவரைப் பொதுவாக வெளியே அனுப்புவதில்லை. வண்டி ஓட்டிக்கொண்டு மட்டும் வராதீர்கள். பல நாட்கள் தொடர்ந்து குடித்திருந்தால், நிறுத்துவதற்கு முன் மருத்துவரைப் பார்க்கும்படி மேலே சொன்னது இப்போதும் பொருந்தும்.

இதனால் உண்மையில் பலன் உண்டா?

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மீளாய்வு, 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஏ.ஏ.வுடன் இணைக்கும் வகையில் முறைப்படி வகுக்கப்பட்ட திட்டங்களில் சேர்ந்தவர்களில் ஓராண்டுக்குப் பின் 42 சதவீதத்தினரும், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்ற பிற முறைகளில் சேர்ந்தவர்களில் 35 சதவீதத்தினரும் முழுமையாகக் குடிக்காமல் இருந்தனர். அதாவது பாதிப்பேருக்கு மேல் எந்த முறையிலும் அந்த ஓராண்டை முழுமையாகக் கடக்கவில்லை. இந்த எண்களை நான் மறைக்க விரும்பவில்லை. ஒரு வழி போதவில்லை என்றால் மருத்துவத்தையும் கூட்டத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று இன்னொன்றுக்கு எதிரி இல்லை.

குடிப்பவர் வர மறுக்கிறார். குடும்பத்தினராகிய நாங்கள் என்ன செய்வது?

உங்களுக்கென்றே கூட்டம் இருக்கிறது. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் 1951இல் அல்-அனான் தொடங்கப்பட்டது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் குழுக்கள் உள்ளன. வீட்டில் குடிப்பவர் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் நீங்கள் போகலாம். அவருக்காக அலுவலகத்தில் பொய் சொல்வது, கடனை அடைப்பது, புட்டியை ஒளித்துவைப்பது ஆகியவற்றில் கழிந்த உங்கள் ஆண்டுகளைப் பற்றி, அதே ஆண்டுகளைக் கழித்தவர்களிடம் பேச அங்கே முடியும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். குடியை நிறுத்துவதற்காக மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்காதீர்கள். அந்த மருந்து உடலில் இருக்கும்போது மது உள்ளே போனால் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்து, இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை இந்த விளைவு நீடிக்கக்கூடும். சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து அது. வன்முறை நடக்கும் வீடு என்றால், அவர் திருந்துவாரா என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் நீங்களும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்.

வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டேன். இரண்டு முறை இப்படி ஆகிவிட்டது.

எனக்கு மூன்று முறை ஆயிற்று. எதிர்ப்பக்கம் நின்று, உள்ளே போகிறவர்களை எண்ணிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அடுத்தமுறை கிளம்புவதற்கு முன் உதவி எண்ணை அழைத்து, "எனக்கு உள்ளே வரத் தயக்கமாக இருக்கிறது, யாராவது வெளியே நிற்க முடியுமா?" என்று கேளுங்கள். பத்து நிமிடம் முன்னதாக வருவதாகச் சொல்லுங்கள். கூட்டம் தொடங்கியபின் கதவைத் திறப்பது இன்னும் கடினம். எந்த நிறச் சட்டை அணிந்து வருகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். அதைப் பார்த்து அவர் உங்களிடம் வந்துவிடுவார், நீங்கள் யாரையும் தேட வேண்டியிருக்காது.